ஷிஃப்ட் முடிந்து ஆட வருபவர்

எர்ணாவூர் வழியாக எண்ணூர் விரைவுச்சாலையில் போனவர்களுக்கு அந்த வரிசை தெரிந்திருக்கும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகள். ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்து ஆடும் ஓட்டுநர், முன்வண்டி பத்தடி நகர்ந்தால் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு கியரைப் போட வேண்டும். இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு நள்ளிரவில் ஒரு மணி நேரம் வாய்க்கலாம். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறினால் அதுவும் போச்சு.

ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம்களில் இவர்கள் மோதுவது விடிய விடிய ஆடுபவர்களோடு. அங்கே திறமையைவிடப் பெரிய ஆயுதம் நேரம்.

2004-இல் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இதை முன்கூட்டியே யோசித்தது. சோதனைக் கட்டத்தில், நெடுநேரம் ஆடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகும் என்று வைத்தார்கள். ஆடியவர்கள் கொதித்தார்கள். கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள்: பாதி என்பது ‘சாதாரணம்’ ஆனது, முழுமை என்பது ஓய்வுக்கான இரட்டிப்புப் பரிசானது. கோபம் அடங்கிவிட்டது. பாத்திரத்தைச் சத்திரத்தில் விட்டுவிட்டு வெளியேறினால், எட்டு மணி நேரத்துக்கு ஒரு நிலை ஏறத் தேவையான புள்ளிகளில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு அந்தப் பரிசு சேரும். எட்டு மணி நேரம், சரியாக ஒரு ஷிஃப்ட்!

ஆனால் இது நிலைகளில் மேலே ஏறும் வரைக்கும்தான். உச்சத்தில் இருந்த ‘மோல்டன் கோர்’ போன்ற குகைகளுக்கு நாற்பது பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டும். 2006-இல் வந்த ‘நாக்ஸ்ராமஸ்’ என்ற அடுத்த களத்துக்குள் போய்ப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. 2011 நவம்பரில், முன்பின் தெரியாத 25 பேரைக் கணினியே கூட்டிச் சேர்க்கும் எளிய வழி வந்தது. மாதக்கணக்கில் முட்டி மோதி வீழ்த்த வேண்டிய எதிரியை யார் யாரோ ஒரே மாலையில் வீழ்த்துவதா என்று பழம்பெரும் ஆட்டக்காரர்கள் பொருமினார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதே எதிரியை வெவ்வேறு கடுமையில் வைத்து, பரிசையும் அதற்கேற்பப் பிரித்ததுதான் உருப்படியான தீர்வு.

2020-இல் வந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’ வேறு வழியில் போனது. பரிசு பெறச் செலவிடும் ‘ரெசின்’ எட்டு நிமிடத்துக்கு ஒன்றுதான் ஊறும். தொடக்கத்தில் 120-க்கு மேல் சேராது. அதாவது 16 மணி நேரத்தில் நிரம்பிவிடும், அதற்குமேல் வராதவருக்கு நஷ்டம். 2024-இல் வரம்பு 200 ஆனது, நிரம்ப 26 மணி 40 நிமிடம். நாளுக்கொரு முறை தலைகாட்டினால் போதும். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஒருவர் வெகுதூரம் முந்திவிட முடியாது, காசு கொடுத்து ரெசினை நிரப்பிக்கொண்டால் தவிர. நேரத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு பர்ஸுக்கு மாறுவதில் ஷிஃப்ட் தொழிலாளிக்கு என்ன லாபம்?

‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ இன்னும் வேடிக்கை. ஓய்வெடுத்துவிட்டுப் புதிய பகுதி வரும்போது திரும்பி வாருங்கள் என்கிறார் அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா. ஆனால் விளையாட்டில் வாங்கிய வீட்டுக்கு 45 நாள் வராவிட்டால் இடித்துவிடுவார்கள். கரோனா காலத்தில் இடிப்பை நிறுத்தி வைத்ததும் அவர்களே.

இப்படித் தினமும் வரச் சொல்லும் ஆட்டங்கள் தினப் பணிகளை வாரக் கணக்காக்கினால் ஷிஃப்ட்காரர் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக முடித்துக்கொள்வார். கடும் சவால்களைத் தேடுபவருக்கும் ஒன்றும் குறையாது. குறைவது தினமும் ஆட்டத்தைத் திறக்கும் போன்களின் எண்ணிக்கை. நிறுவனங்கள் தயங்குவது அதனால்தான்.