கார் வராவிட்டால் கடை படுத்துவிடுமா?

சிறுநகரக் கடைத்தெருவைச் சீர்படுத்தும் பேச்சு எந்த ஊரில் எழுந்தாலும் வியாபாரிகள் தரப்பிலிருந்து முதலில் வருவது ஒரே வாதம்தான்: “தெருவுக்குள் வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்.” கவுன்சிலர்களும் இதை நம்புகிறார்கள். எனவே சாலையை அகலப்படுத்து, பார்க்கிங் கட்டு என்பதே வளர்ச்சிக்கு வழி என்று முடிவாகிவிடுகிறது. கடன் வாங்கிக் கடை நடத்துபவரின் பயம் இது. அந்தப் பயத்தை மதிக்கிறேன். வாதத்தை ஏற்க முடியவில்லை.

காசுள்ள வாடிக்கையாளர் காரில்தான் வருவார் என்பது அதன் முதல் தூண். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் கடைத்தெரு ஒன்றில் கடைக்காரர்களையும் வாடிக்கையாளர்களையும் தனித்தனியே கேட்டு 2006இல் ஓர் ஆய்வு வந்தது. வாங்க வருபவர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் கணித்திருந்தார்கள். உண்மையில் வந்தவர்கள் 22 சதவீதம். கடைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. காரில் வருபவர் ஹார்ன் அடிக்கிறார், இடமில்லை என்று கல்லாவில் வந்து குறைபடுகிறார். அதனால் மனதில் நிற்கிறார். நடந்து வந்தவர் வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார்.

நம் ஊர்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகவே இருக்க வேண்டும். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து சேலைக்கும் பாத்திரத்துக்கும் பள்ளிச் சீருடைக்கும் வருகிறவர்கள் பார்க்கிங் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கடை வரைக்கும் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் நடக்க வழி கேட்கிறார்கள். வாசலை அடைத்து நிற்பவை யாருடைய வண்டிகள் என்றும் பார்க்க வேண்டும். ஜவுளிக்கடை ஷட்டர் தூக்கும் காலை நேரத்தில் எதிரே நின்றால் தெரியும். முதலில் முதலாளியின் ஸ்கூட்டர், அடுத்து கேஷியருடையது, பிறகு சேல்ஸ் பையன்களின் பைக்குகள். முதல் வாடிக்கையாளர் வரும் முன்பே வாசல் நிறைந்துவிடுகிறது. இரவு கடை அடைக்கும்வரை ஒன்றுகூட நகர்வதில்லை.

வண்டியைத் தடுத்தால் கூட்டம் வராது என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் தீபாவளியிலேயே இருக்கிறது. திருச்சி என்.எஸ்.பி. ரோட்டிலும் மதுரை விளக்குத்தூண் பகுதியிலும் அந்த நாள்களில் போலீஸ் தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பிவிடுகிறது. வருடத்தின் பெரும் வியாபாரம் நடப்பது அப்போதுதான். பண்டிகையால் கூட்டம் வருகிறது, தடுப்பால் அல்ல என்பார்கள், சரிதான். ஆனால் அத்தனை பேர் நிற்கவும் பார்க்கவும் வாங்கவும் அந்தத் தெருவில் இடம் கிடைப்பது வண்டி இல்லாததால்தானே?

ஒரு வாரத்துக்குச் சரி, வருடம் முழுக்க நடக்குமா? நடந்திருக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கில் கலீசியா பகுதியில் பொந்தேவெத்ரா என்று ஒரு நகரம். மக்கள்தொகை 83,000 அளவில். 1999இல் மேயரான மிகேல் ஆன்ஷோ பெர்னாந்தெஸ் லோரெஸ் தொழிலால் மருத்துவர். பழைய நகர மையத்தில் மூன்று லட்சம் சதுர மீட்டர் பரப்பை நடப்பவர்களுக்கென்று ஒதுக்கினார். அதற்கு முன் அங்கே ஒரே தெருவில் நாளொன்றுக்கு 14,000 கார்கள் ஓடின. பலவும் நிறுத்த இடம் தேடிச் சுற்றியவை. தெருவோர நிறுத்தம் எடுக்கப்பட்டது. ஊர் விளிம்பில் இலவச நிறுத்தங்கள் வந்தன. அங்கிருந்து மையத்துக்கு நடை தூரம்தான். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிட நடை என்று மெட்ரோ ரயில் வரைபடம் போலவே ஒரு வரைபடம் அச்சிட்டுக் கொடுத்தார்கள். பெரிய செலவில்லாத இந்த யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது: தூரம் என்று நினைத்தது ஏழெட்டு நிமிடம்தான் என்று மக்கள் தாங்களே கண்டுகொண்டார்கள்.

வணிகத்துக்கு என்ன ஆயிற்று? பெரிய ஷாப்பிங் மால்களுக்கு நகராட்சி அனுமதி தரவில்லை. ஸ்பெயினைப் பொருளாதார நெருக்கடி உலுக்கிய வருடங்களில் பக்கத்து ஊர்களில் சிறு கடைகள் மூடப்பட்டபோது இங்கே தாக்குப்பிடித்தன. அக்கம்பக்கத்து ஊர்களில் ஆள் குறைய, பொந்தேவெத்ராவின் மையத்தில் ஏறக்குறைய 12,000 பேர் புதிதாகக் குடியேறினார்கள் என்பது நகராட்சியின் கணக்கு. ஆரம்பத்தில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இருந்தும் அடுத்தடுத்த தேர்தல்களுக்குப் பிறகும் லோரெஸே மேயராகத் தொடர்ந்தார்.

அமெரிக்காவில் இதே முயற்சி தோற்றதே என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரம் 1959இல் தன் முக்கியக் கடைவீதியில் கார்களைத் தடுத்தது. 1998இல் ஒரு பகுதியை மீண்டும் திறந்துவிட்டது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ 1964இல் மூடியதை 2017இல் திறந்தது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நகரங்களின் மையத்தில் குடியிருப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். புறநகரில் கடல்போல் பார்க்கிங் கொண்ட மால்கள் எழுந்தன. காரில்லாமல் மையத்துக்கு வந்து சேர்வதே பாடு. நம் கடைத்தெருக்களில் மாடியில் குடித்தனம், கீழே கடை. பஸ் ஸ்டாண்டும் கோயிலும் பள்ளிக்கூடமும் கூப்பிடு தூரம். ஃபிரெஸ்னோவிடம் இல்லாதது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

மற்ற ஆட்சேபங்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சரக்கு? குட்டியானை காலையில் குறித்த நேரத்துக்குள் வந்து இறக்கிவிட்டுப் போகலாம். பொந்தேவெத்ராவிலும் சரக்கு வண்டிக்கு நேரம் உண்டு. வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள்? அவர்களுடைய வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழி விட வேண்டும்; ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் கல் பதித்தால் சக்கர நாற்காலியும் போகும். வெயில்? நிழல் வேண்டும் என்பது நியாயம். சாலை அகலத்துக்காக வெட்டிய வேம்பையும் புங்கையையும் திரும்ப நட்டாக வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அழகுபடுத்தும் திட்டம் வந்தால் இங்கே முதலில் தூக்கப்படுவது தரைக்கடைதான். பூக்காரம்மாவையும் கொய்யாப்பழக் கூடையையும் விரட்டிவிட்டுப் பதிக்கிற கருங்கல்லுக்கு நான் எதிரி. தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பு தருகிறது. நகர விற்பனைக் குழுவில் அவர்களுக்கு இடமும் தருகிறது. அந்தக் குழு உட்கார்ந்து இடம் குறிக்காமல் ஒரு கல்லும் இறங்கக் கூடாது. தெரு நன்றானால் வாடகை ஏறும். குத்தகையை நீண்ட காலத்துக்கு எழுதி வாங்க வியாபாரிகள் சங்கம் முன்கூட்டியே கட்டிட உரிமையாளர்களோடு பேச வேண்டும்.

இதையெல்லாம் நம்பச் சொல்லவில்லை, சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒரே ஒரு தெரு. வெள்ளி, சனி, ஞாயிறு மாலை நான்கு முதல் ஒன்பது வரை. தடுப்பு வைப்பதற்கு முன்னால் ஒரு மாதமும் வைத்த பிறகு மூன்று மாதமும் ஒவ்வொரு கடையும் பில் எண்ணிக்கையைத் தானே குறித்து வைக்கட்டும். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் இல்லாத மாதங்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. கணக்கைச் சங்கமே கூட்டட்டும், நகராட்சி வேண்டாம். நஷ்டம் என்று பில் காட்டினால் தடுப்பை எடுத்துவிடலாம்.