சுற்றி ஓடியது போதும்

யாழ்ப்பாணத்தில் ஓர் இளைஞனின் முழங்கால் பந்தாட்டத்தில் போய்விட்டால், 'கண்ணூறு பட்டுவிட்டது' என்பார்கள். சிலர் தரையைத் திட்டுவார்கள். சிலர் எதிரணியைத் திட்டுவார்கள். பயிற்சி கொடுத்தவரை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

எமது கழகங்களிலும் பாடசாலைகளிலும் பெரும்பாலானவை பந்தை உதைக்கக் கற்றுக்கொடுக்கின்றன. உதைக்கும் உடம்பை ஆயத்தப்படுத்துவதில்லை. மைதானத்தைச் சுற்றிப் பத்துத் தரம் ஓடு, நின்ற இடத்திலே காலை இழு, பிறகு ஆடு! பல ஆண்டுகளாகக் குடாநாட்டின் திடல்களில் நான் கண்டுவரும் 'உடற்பயிற்சி' இவ்வளவுதான்.

உதைபந்தாட்டம் நெடுந்தூர ஓட்டமன்று. தொண்ணூறு நிமிடங்களில் ஒரு வீரன் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிறான் என்பது உண்மை. ஆனால் எப்படி ஓடுகிறான்? நடக்கிறான், மெல்ல ஓடுகிறான், திடீரென இரண்டு மூன்று விநாடி பாய்கிறான், நிற்கிறான், திரும்புகிறான், துள்ளுகிறான். முழங்கால் சவ்வு கிழிவது பெரும்பாலும் அந்த நிற்றலிலும் திரும்பலிலும்தான். பின்தொடைத் தசை பிடிப்பது அந்தப் பாய்ச்சலில். சுற்றி ஓடும் ஓட்டம் இவற்றில் ஒன்றுக்கும் உடம்பைப் பழக்காது.

இதற்கு மருந்து எப்போதோ வந்துவிட்டது. 'பீபா 11 பிளஸ்' என்பது இருபது நிமிடப் பயிற்சி முறை. மெல்லோட்டம், பிறகு வயிறு, இடுப்பு, தொடைத் தசைகளுக்கு வலுவூட்டல், ஒற்றைக்காலில் நிற்றல், துள்ளி முழங்கால் உட்சாயாமல் இறங்குதல், கடைசியில் வேக ஓட்டமும் திசைமாற்றமும். நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான ஏறத்தாழ 1,900 பெண் பிள்ளைகளிடம் சோதித்து, 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். காயங்கள் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தன. கடுங்காயங்கள் ஏறத்தாழப் பாதியாகியிருந்தன.

இதற்கு என்ன உபகரணம் வேண்டும்? ஒரு பந்து. அடையாளத்துக்கு நாலு செங்கல் வைத்தாலும் போதும். ஆகவே 'காசில்லை' என்று என்னிடம் சொல்லாதீர்கள். மின்னொளிச் சுற்றுப்போட்டிக்குக் காசிருக்கிறது. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் இருக்கிறது. துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு புனரமைக்கப்பட்டு 2016 இல் திறக்கப்பட்டது. அரங்கைப் புதுப்பித்தாயிற்று, அதில் ஆடும் கால்களை யார் கவனிப்பது?

புலம்பெயர்ந்த உறவுகளே, உங்களோடும் எனக்கு வழக்கிருக்கிறது. அப்பாவின் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் அனுப்புகிறீர்கள், சீருடை அனுப்புகிறீர்கள். கனடாவிலும் இலண்டனிலும் உங்கள் பிள்ளை ஆடும் கழகத்தில் பயிற்றுநர் முதலில் என்ன செய்விக்கிறார் என்று பார்த்திருப்பீர்களே! அதை ஊர்க் கழகத்திடம் ஏன் கேட்பதில்லை? அந்தக் கிண்ணத்தின் விலையில் ஓர் இயன்மருத்துவரை அழைத்து, பத்துப் பயிற்றுநர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்தலாம்.

இது பெண் பிள்ளைகளின் விடயத்தில் இன்னும் அவசரமானது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் போட்டிகளில் வென்று காட்டியவர்கள். பெண்களுக்கு முழங்கால் சவ்வு கிழியும் ஆபத்து ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆண் பிள்ளையின் கால் போனால், தேறியபின் திரும்பி வருவான். பெண் பிள்ளையின் கால் போனால், 'இதுக்குத்தான் அப்பவே வேண்டாமெண்டனாங்கள்' என்று வீட்டார் கதவைச் சாத்திவிடுவார்கள். தங்கைக்கும் சேர்த்து.