பேர் விழுந்தால் போதுமா?

நமது தோட்டங்களில் கிளிநொச்சிப் பக்கம் சொந்தக்காரர் இல்லாத லயம் குறைவு. 1958, 1977 கலவரங்களில் அடிபட்டு மலையை விட்டு இறங்கிய நம்மவர்கள் வன்னியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். பாரதிபுரம், மலையாளபுரம் என்று அவர்களுடைய ஊர்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ போனவர்கள், ஏ-9 வீதியில் பரந்தனைத் தாண்டியிருந்தால் ஆனையிறவு உப்பளத்தையும் பார்த்திருப்பார்கள்.

அங்கே உப்பு ஒரே பாத்தியில் விளைவதில்லை. களப்புத் தண்ணீரை முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்துகிறார்கள். வெயிலில் சுண்டச் சுண்ட அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள். சேறும் சுண்ணாம்பும் முந்திய பாத்திகளிலேயே தங்கிவிட, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. மிஞ்சும் கசப்புத் தண்ணீரை நேரத்துக்கு வடிக்காவிட்டால் உப்பும் கசக்கும், ஈரமும் பிடிக்கும். அள்ளுவது கடைசிப் பாத்தியில்தான். ஆனால் அதை மட்டும் காவல் காத்தவர் கைக்கு நல்ல உப்பு வராது.

நாம் பல காலமாகக் காவல் காப்பது நாள் சம்பளம் என்ற ஒரு பாத்தியை. 2021இல் 1,000 ரூபாய், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். இதற்காக வீதியில் நின்றோம், இனியும் நிற்போம். ஆனால் அந்தியில் லயத்தில் கேட்கும் கேள்வியும் அதுவாகவே சுருங்கிவிட்டது: முழுப் பேரா, அரைப் பேரா, எத்தனை கிலோ? மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று விட்டுவிட்டோம். சங்கமும் விட்டது. இதை எழுதும் நமக்கும் அதில் பங்கு உண்டு.

விட்ட இடங்களில் ஒன்று சேமலாப நிதி. நமது சம்பளத்தில் 8 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 12 சதவீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் 3 சதவீதம். உழைக்கும் காலம் முழுவதும் சேரும் பணம் இது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கப் போகும்போதுதான் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று தெரிய வருகிறது. ‘இராமாயி’ என்பதும் ‘ராமாய்’ என்பதும் நமக்கு ஒரே ஆள். கந்தோரில் இரண்டு ஆள். பிறகு சத்தியக் கடதாசி, பஸ் செலவு, “நாளைக்கு வாங்க” என்ற பதில். சொந்தக் காசுக்காக முதுமையில் அலைய வேண்டியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த வருஷமே ஒருவர் உட்கார்ந்து இரண்டு கடதாசிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை.

கடனும் அப்படித்தான். வாரக் கடன் வாங்குபவர் பெண், வீட்டில் மற்றவருக்கு அது தெரியாது. வசூலிக்க வருபவர் வாசலில் நிற்கும்போதுதான் கணக்கு வெளியே வருகிறது. வன்னியிலும் இதே கதைதான். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

உடம்பைப் பற்றி என்ன சொல்ல? 35 வயதான பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை இலவசம். கிளினிக் நாள் வேலை நாள். போனால் பேர் போகும். எனவே போவதில்லை.

இங்கேதான் நமக்கு ஒரு சந்தேகம். “வாழ்க்கையின் எல்லாப் பக்கத்தையும் கவனி” என்று சொல்வது சுலபம். விடிய முன்னே எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலைக்கு ஏறி, இருட்டிய பின் அடுப்பு மூட்டும் அக்காவிடம் இதைச் சொன்னால் அவரது தலையில் இன்னொரு கூடையை ஏற்றியதாகிவிடும். அவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார், தன்னை மட்டும் தவிர. கவனிப்பதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பகுதியை நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது என்பதும் சம்பளக் கோரிக்கைக்குச் சமமான கோரிக்கையே. இன்னொரு பகுதியை வீட்டு ஆண்கள் கொடுக்க வேண்டும். அதற்குக் கூட்டு ஒப்பந்தம் தேவையில்லை.

போரால் 1990இல் மூடப்பட்ட ஆனையிறவு உப்பளத்தில் 2025 மார்ச்சில் புதிய தொழிற்சாலை திறந்தார்கள். மே மாதமே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலைத்தளத்தின் அடிப்படை வசதிகளும் அவர்களுடைய கோரிக்கையில் இருந்தன. தொழிற்சாலை திறந்த வருஷத்திலேயே அவர்களுக்குத் தோன்றியது, நமது கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரிக்குத்தான் இன்னும் போகிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் சம்பளப் பேச்சு இரண்டாவதாக வரட்டும். முதல் ஒரு மணி நேரம் கடதாசிகளுக்கு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி அட்டை, கடைசிச் சம்பளத் துண்டு, கடன் புத்தகம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். எழுத வாசிக்கத் தெரிந்த நமது பிள்ளைகள் மேசை போட்டு உட்கார்ந்து பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெண்கள் நேரத்தோடு வர வேண்டும். அன்றைக்குச் சோறு ஆக்குவதும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவதும் அண்ணன்மார் பொறுப்பு.