எலும்புக்கு யார் சாட்சி?

கொடைக்கானலிலே காய்ச்சல் அளக்கும் கண்ணாடிக் குழல் செய்த தோழர்களை நாடு மெல்ல மறந்து வருகிறது. நாம் மறப்பதற்கில்லை.

அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலே ஓடிய ஆலை அது. 1983இல் பாண்ட்ஸ் நிறுவனத்தார் பெயர்த்தெடுத்து வந்து நம் மலைமீது வைத்தார்கள். பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறிற்று. 2001 மார்ச்சிலே பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லு 7.4 டன் மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கிலே கிடக்கக் கண்டு ஊர் கொதித்தது, ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போயிற்று. கழிவு திரும்பிப் போக வழி இருந்தது. தொழிலாளியின் உடம்புக்குள் போனதற்கு?

தங்கள் மருத்துவ ஏடுகளிலே கேடு எதுவும் இல்லை என்றே நிர்வாகம் சொல்லி வந்தது. 2016 மார்ச்சிலே 591 பழைய தொழிலாளர்களோடு உடன்பாடு கண்டார்கள். மனிதாபிமானத்தால் தரும் தொகையாம்! உரிமை என்று சொல்ல வாய் வரவில்லை.

பாதரசம் என்றதும் நரம்பு, நடுக்கம் என்று பேசுவோர் உண்டு. எலும்பை எண்ணிப் பார்ப்போர் குறைவு. மூச்சோடு நுழையும் பாதரச ஆவி சிறுநீரகத்திலே போய்த் தங்குகிறது. வைட்டமின் டியை உடலுக்கு உதவும் வடிவிலே மாற்றித் தருவது அந்தச் சிறுநீரகந்தான். அது பழுதானால் சுண்ணாம்புச் சத்து எலும்பிலே எப்படிச் சேரும்? பாதரசத்தின் பங்காளியான காட்மியம், ஜப்பானிலே ஜின்சு ஆற்றங்கரை மக்களின் சிறுநீரகத்தைக் கெடுத்து, எலும்பை மெத்தென்றாக்கி முறித்தது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்ற அலறலே அந்நோய்க்குப் பெயராயிற்று! சுரங்கக் கழிவே காரணமென்று 1968இல் ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது. பாதரசம் எலும்பணுக்களைத் தாக்குவதை விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. மனிதரிடம் அவ்வளவு தெளிவாகக் கணக்கெடுக்கப்படவில்லை. கணக்கெடுக்காத குறையையே கேடில்லை என்பதற்குச் சான்றாக்குவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. உள்ளே போன பாதரசத்தில் பாதி சுமார் 2 மாதத்திலே வெளியேறிவிடும். 20 ஆண்டு கழித்துச் சிறுநீரைச் சோதித்து 'ஒன்றுமில்லை' என்பது, திருடன் போன பிறகு வீட்டைத் துழாவி, ஆளைக் காணோம், ஆகவே திருட்டும் இல்லை என்பது போல!

மலைமேல் நடந்ததற்குத் தொட்டியத்திலே ஏன் பேச்சு எனலாம். கரும்பு நடும் ஊர்களிலே கரணையைப் பாதரச மருந்திலே வெறுங்கையால் முக்கியெடுத்த கூலியாட்கள் உண்டு. ஈராக்கிலே 1971-72இல், பாதரசம் பூசிய விதைக் கோதுமையை ரொட்டி சுட்டுத் தின்று நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகும் இங்கே அத்தகைய மருந்தொன்றுக்குத் தடை வந்தது 2018இல்தான். தடை வந்தது சரி. முக்கிய கைகளை யார் பார்த்தார்கள்?

ஆலைத் தோழர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஆண்டுதோறும் சிறுநீரகச் சோதனையும் எலும்பு அடர்த்திச் சோதனையும் அரசு மருத்துவமனையிலே இலவசமாக நடக்க வேண்டும். வேலைக்காலத்து மருத்துவ ஏடு அவரவர் கையிலே வர வேண்டும். கேடில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை, லாபம் எடுத்தவர் தலையிலேயே இருக்கட்டும். கரணை முக்கிய காவிரிக்கரைக் கூலியாளுக்கும் அதே சோதனை வேண்டும்; அதுவும், ஒரு நாள் கூலியை இழந்து திருச்சிக்குப் பஸ் ஏற விடாமல், ஊருக்குப் பக்கத்திலேயே.