புதிய மேய்ச்சல் தரையும் யூரியா உரமும்

காலமறிந்து இடாத உரம் இடாததற்குச் சமானம். காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் கொழுக்கட்டைப்புல் விதைத்துப் புதிதாக மேய்ச்சல் தரை உண்டாக்க முற்படும் நிலக்கிழார்கள் இதனை முதலில் மனத்திற்கொள்ளுதல் நலம். அண்டையிலுள்ள தூத்துக்குடியில் 1975-ஆம் ஆண்டில் யூரியா உற்பத்தி தொடங்கிற்று. அன்று முதல் இவ்வுரம் இப்பக்கத்துக் குடியானவர்களுக்குப் பழக்கமான பொருள். எளிதிற் கிடைப்பதனாலேயே விதைத்தவுடன் அதனை வாரி இறைக்கும் வழக்கம் விரும்பத்தக்கதன்று.

இங்குள்ள மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் விதை முளைக்குங்கால் இளம்புல்லின் வேர் மேல்மண்ணைத் தாண்டுவதில்லை. யூரியாவோ நீரில் கரைந்து, மழையோடு வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடும். ஈரமற்ற தரையின்மேல் தூவினால், அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றிற் கலந்துவிடும். எஞ்சியதையும் புல்லினும் விரைந்து வளரும் களைகளே கவர்ந்துகொள்ளும். 45 கிலோ மூட்டையொன்றில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மிகுதியாக உள்ளது. அத்தனையும் வீணாவது சிறு நஷ்டமன்று.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. புல்லுடன் முயல்மசால், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனங்களையும் கலந்து விதைப்பது சிறந்த முறை. இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செலவின்றிச் சேர்த்துத் தருகின்றன. மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் அம்முடிச்சுகள் குன்றும். புல் ஓங்கி வளர்ந்து மசால் செடிகளை நிழலில் மடக்கிவிடும். ஆகவே, இலவசமாக வரும் சத்தைக் காசு கொடுத்துத் தடுத்ததாகவே முடியும்.

கால்நடைகளுக்கும் அபாயமுண்டு. மிகுதியாக உரமிட்டபின் மழை பொய்த்துப் புல் வாடினால், அதில் நைட்ரேட்டு தேங்கும். அத்தகைய புல்லை மேயும் மாடு, இரத்தம் பிராணவாயுவைத் தாங்கும் திறன் இழந்து மூச்சுத்திணறி மடியக்கூடும்.

அங்ஙனமாயின் மணலில் உரமின்றிப் புல் செழிப்பது எவ்வாறு என வினவலாம். யூரியாவே ஆகாது என்பதன்று, முறையே முக்கியம். விதைக்குமுன் மக்கிய தொழுவுரமும் மணிச்சத்தும் இடுக. புல் வேரூன்றித் தூர்கட்டிய பின்னர், மண் ஈரமாயிருக்கும்போது ஏக்கருக்கு அரை மூட்டைக்கு மேற்படாமல் யூரியா இடுக. மசால் செழித்துள்ள இடத்தில் அதுவும் வேண்டுவதில்லை. உரமிட்டபின் மூன்று வாரம் மாடுகளை உள்ளே விடலாகாது.

காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லும், வெள்வேல மர நிழலும், மேயும் மாடுகளின் சாணமும் கோமியமுமே தலைமுறைகளாகத் தரையைக் காத்து வந்துள்ளன. கிராம அதிகாரிகள் மேய்ச்சல் புறம்போக்கில் ஒரு துண்டை இம்முறையில் வேலியிட்டு வளர்த்துக் காட்டுவார்களாயின், ஊரார் கண்டு பின்பற்றுவர். முதலாண்டில் வேரைப் பேணினால், பின்னாண்டுகளில் தரையே மந்தையைப் பேணும்.