ஊதுபவருக்கும் ஓய்வு வேண்டும்

நோர்வேயில் மே மாதம் 17ஆம் நாள் அரசியலமைப்பு நாளாகும். 1814இல் நிகழ்ந்த அவ்வரலாற்றை நினைவுகூர்ந்து, ஊர்கள்தோறும் பாடசாலை வாத்தியக்குழுக்கள் அணிவகுத்துச் செல்லும். ‘ஸ்கூலெகொர்ப்ஸ்’ எனப்படும் இக்குழுக்களில் கிளாரினெற் முதன்மையான வாத்தியங்களுள் ஒன்று. அதனைக் கற்கும் பிள்ளை பயிற்சி முடிந்து வந்து, “வாய் நோகுது, பெருவிரல் நோகுது” என்றால், “ஊதுவதில் என்ன களைப்பு?” என்று கேட்கும் பெற்றோர் எம்மிடையே உளர்.

விடிய விடிய மேளச்சமா கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊதுபவர் படும் பாட்டை நாம் அறியாதவர்கள் அல்லர். தவில் தனியாக முழங்கும் வேளையில் நாதஸ்வரக்காரரின் உதடு ஆறுகின்றது. ஒருவர் வாசிக்கையில் உடன் வாசிப்பவர் மூச்சு வாங்கிக்கொள்கின்றார். அந்த ஓய்வு இன்றேல் கச்சேரியே இல்லை.

கிளாரினெற்றின் நிலையும் இதுவே. முக்கால் கிலோ அளவான அதன் எடையின் பெரும்பகுதியை வலக்கைப் பெருவிரலே தாங்குகின்றது. சீவாளி கீழுதட்டின்மேல் அமர்கின்றது. காற்றுக் கசியாதவாறு வாயோரங்களை இறுக்கிப் பிடித்தல் வேண்டும். இச்சிறு தசைகளே முதலிற் களைப்படைகின்றன. அப்போது பிள்ளை தாடையால் கடித்துச் சமாளிக்க முயலும். உதடு நோவதோடு சுருதியும் ஏறிவிடும்.

களைப்பின் அளவு எந்தக் குழுவில் வாசிக்கின்றோம் என்பதைப் பொறுத்தது. சிம்பொனி இசைக்குழுவில் பெரும் பாரத்தை வயலின்கள் சுமக்கின்றன. இரண்டு மூன்று கிளாரினெற்றுகளே அங்குண்டு. நெடுநேரம் காத்திருந்து, ஒரே மூச்சில் மென்மையாகத் தொடங்குவதே அங்குள்ள சோதனை.

வயலின் இல்லாத காற்றுவாத்தியக் குழுவிலோ அச்சுமை கிளாரினெற்றுகளிடம் வந்து சேர்கின்றது. ஏறத்தாழ இடைவிடாது வாசிக்க வேண்டும். எனினும் ஒரே பகுதியைப் பலர் வாசிப்பதால், முறைவைத்து மூச்செடுக்கலாம். அணிவகுப்பில் நடையும் சேர்ந்துகொள்கின்றது; முரசுகள் மட்டும் ஒலிக்கும் இடைவேளையே உதட்டுக்கு ஓய்வு.

புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெற், ஹோர்ன், பசூன் என ஐவர் மட்டும் கூடும் காற்றுவாத்திய ஐவர்குழு இவற்றினும் கடினமானது. ஐவரும் ஊதுபவர்கள், பாரத்தை ஏற்க நரம்பு வாத்தியம் இல்லை, ஒருவர் பகுதியை வாசிக்க இன்னொருவரும் இல்லை. மாறாக, மோட்சார்ட் 1789இலும் பிராம்ஸ் 1891இலும் இயற்றிய கிளாரினெற் ஐவர்படைப்புகளில் நான்கு நரம்பு வாத்தியங்கள் துணைநிற்கின்றன.

ஆகவே, அணிவகுப்பில் களைக்காத பிள்ளை ஐவர்குழுவில் அரைமணி நேரத்தில் சோர்ந்துபோனால் அது திறமைக் குறைவன்று, சோம்பலும் அன்று. ஓய்வு எங்கே கிடைக்கும் என்பதே குழுவுக்குக் குழு மாறுகின்றது.

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஊதச் சொல்லாது, 15 அல்லது 20 நிமிடங்களாகப் பிரித்து இடையில் ஆறவிடுங்கள். வாயோரத்தில் காற்றுக் கசியத் தொடங்கினால் அன்றைக்கு அது போதும். தொடக்கநிலைப் பிள்ளைக்கு மென்மையான சீவாளியும், பெருவிரல் நோவுக்குக் கழுத்துப்பட்டியும் உதவுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். மறுநாளும் நீடிக்கும் நோவையும் விரல் விறைப்பையும் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

இரண்டு வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் எம்மவர்க்கு ஓய்வு என்ற சொல்லே அந்நியமாகிவிட்டது. அந்தக் கண்டிப்பைப் பிள்ளையின் உதட்டின்மீதும் சுமத்தினால், அது நோவைப் பொறுத்துப் பொறுத்து ஒருநாள் வாத்தியத்தையே பெட்டியில் வைத்து மூடிவிடும். அதனோடு வகுப்புத் தோழருடன் சேர்ந்து நிற்கும் ஓரிடத்தையும் இழந்துவிடும். அவ்விழப்பு நேராதவாறு காப்பது எமது கடமையாகும்.