பகலை விற்றவன்

‘உண்மையான கலைஞன் எந்த வேலையில் இருந்தாலும் நேரம் கண்டுபிடித்துக்கொள்வான்’ என்பது நம் சூழலில் வேதவாக்காகிவிட்டது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர்கள். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே நகுலன் எழுதவில்லையா, ஜெமினி ஸ்டுடியோவில் இருந்துகொண்டே அசோகமித்திரன் எழுதவில்லையா என்று உதாரணங்களும் தயாராக இருக்கின்றன. ஓவியனை எழுத்தாளனின் அளவுகோலால் அளக்கும் இந்த மனோபாவம் அபத்தமானது. அபத்தத்தோடு நின்றால் பரவாயில்லை; ஓவியர்களைத் தீர்த்துக்கட்டியும் வருகிறது.

எழுத்தாளனுக்குத் தாளும் பேனாவும் போதும். பஸ்ஸில் தோன்றிய வாக்கியத்தை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுதினாலும் அது அதே வாக்கியம்தான். ஆனால் ராத்திரி டியூப்லைட்டில் கலந்த நீலம் காலையில் பார்த்தால் வேறு நிறம். ஓவியனுக்குப் பகல் வேண்டும். அதைத்தான் அவன் விற்றுவிட்டு வருகிறான்.

விற்பது எங்கே? எழும்பூரிலோ கும்பகோணத்திலோ ஓவியம் படித்து முடித்தவன் ஜவுளிக்கடையில் புடவை விரிக்கிறான். ஓட்டல் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நிற்கிறான். தொலைபேசியில் முகம் தெரியாதவனின் வசவுக்கு வணக்கம் சொல்கிறான். கடைச் சிப்பந்தி உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். கால்வலியையாவது சட்டம் பார்த்தது. அங்கே பறிபோகும் இன்னொன்றை யாரும் பார்க்கவில்லை. 1983இல் அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சிரிப்பும் கனிவும் சம்பளத்துக்கான உழைப்பாகும்போது, அந்தச் சிரிப்பு சிரிப்பவருக்கே அந்நியமாகிவிடுகிறது என்பது அதன் சாரம். வாடிக்கையாளரின் முகத்தை நாள் முழுக்கக் கவனித்து, அதற்கேற்பத் தன் முகத்தை மாற்றிக்கொண்டிருந்தவனின் கவனம் வீடு திரும்பும்போது கந்தலாகியிருக்கிறது. ஓவியம் கேட்பதும் அதே கவனத்தைத்தான். மணிக்கணக்கு பார்த்து, ‘ராத்திரி நாலு மணி நேரம் மிச்சமிருக்கிறதே’ என்பவர்களுக்கு இது புரிவதில்லை.

உடனே லௌரியைக் காட்டுவார்கள். மான்செஸ்டர் ஓவியர் எல். எஸ். லௌரி 1910 முதல் 1952 வரை ஒரு சொத்து நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தார், வீடு வீடாகப் போய் வாடகை வசூலித்தார், ராத்திரியில் வரைந்தார். உண்மைதான். ஆனால் வசூலுக்காக நடந்த தெருக்களே அவர் படங்களின் தெருக்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டாமா? நடக்கும்போது அவர் கண் அவருடையதாகவே இருந்தது. அப்படியும் அந்த உத்தியோகத்தை வெளியுலகுக்கு அவர் மறைத்தே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஓவியன் என்று ஒதுக்கிவிடுவார்களே என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்? இன்று அவரை உதாரணம் காட்டும் நம்மைப் போன்ற ரசிகர் கூட்டம்தான்.

நியூயார்க்கில் ராபர்ட் ரைமன் 1953 முதல் 1960 வரை நவீனக் கலை மியூசியத்தில் காவலாளியாக இருந்தார். சாக்ஸபோன் வாசிக்க வந்த மனிதர், படங்களுக்கு நடுவே நின்று நின்றே ஓவியரானார். அவருடைய நேரத்தை வாங்கினார்கள்; பார்வையை வாங்கவில்லை. ஒரு வேலை ஓவியனிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. சம்பளம் குறைந்தாலும் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை, குளிரூட்டிய அறையில் இளித்துக்கொண்டு நிற்கும் வேலையைவிட அவனுக்கு மேலானதாக இருக்கலாம். இதைச் சொன்னால் ‘முன்னேறத் தெரியாதவன்’ என்பார்கள். சொல்லட்டும்.

நமக்கே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்த ஓவியர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை நிறுவியபோது, பாத்திக் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வயிற்றைக் கழுவுவது, ஓவியத்தைச் சந்தையின் இஷ்டத்துக்கு வரையாமல் இருப்பது என்று வழி கண்டார்கள். கை உழைப்பை விற்றார்கள். பகலைத் தங்கள் வசம் வைத்துக்கொண்டார்கள். தனிமனித வைராக்கியத்தை நம்பி அதைச் செய்யவில்லை, கூட்டாகச் செய்தார்கள். வைராக்கியத்தை உபதேசிப்பவர்கள் இதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். உபதேசம் இலவசம், கூட்டு முயற்சிக்குக் கைக்காசு வேண்டும்.

கைக்காசு என்றதும் சிறுபத்திரிகைகளிடம் வரவேண்டியிருக்கிறது. அச்சகத்துக்குப் பணம். காகிதக் கடைக்குப் பணம். பைண்டருக்குப் பணம். அட்டைப்படம் வரைந்த ஓவியனுக்கு மட்டும் இரண்டு பிரதிகளும் ஒரு நன்றி வரியும். கேட்டால், ‘நாங்களே நஷ்டத்தில் நடத்துகிறோம்’ என்ற தியாக முத்திரை. நஷ்டத்தைக் காகிதக் கடைக்காரர் ஏற்கமாட்டார் என்று தெரிகிறது. ஓவியன் ஏற்பான் என்று யார் சொன்னது? கலைஞனைச் சுரண்டும் சமூகத்தைப் பற்றிப் பதினாறு பக்கம் கட்டுரை போடும் இதழின் அட்டையே ஓசியில் வந்தது என்றால், அந்தக் கட்டுரைக்கு என்ன மரியாதை?

பெரிய தொகை எதுவும் வேண்டாம். ஒரு படத்துக்கு, அவன் கடையில் நின்று வாங்கும் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுங்கள். அவன் ஒரு நாள் லீவு போடுவான். அந்த ஒரு பகலிலாவது நீலம் நீலமாகவே இருக்கும். அதையும் தரமுடியாதவர்கள் லௌரியின் பெயரை எடுக்காமலாவது இருக்கலாம்.